கூடார சஃபாரியில் சோறும் நீரும்: தான்சானியாவுக்குக் குழு அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து சிறு குழுக்களைத் திரட்டி, வடக்குத் தான்சானியாவின் தரங்கிரே, செரெங்கெட்டி, ங்கோரோங்கோரோ பகுதிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கூடாரப் பயணம் அழைத்துச் செல்லும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். காட்டு விடுதிகளின் ஒரு நாள் வாடகையைக் கேட்டதுமே பின்வாங்கிவிடும் ஆசிரியர்களும் அலுவலர்களும் இளம் தம்பதியரும் அந்தப் புல்வெளியைத் தங்கள் கண்ணால் காண முடிவது உங்கள் முயற்சியால்தான். அந்த நன்றியுணர்வோடுதான், உணவையும் குடிநீரையும் நீங்கள் ஏற்பாடு செய்யும் முறையை மாற்றும்படி கேட்கிறேன்.

செலவுக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். பூங்கா நுழைவுக் கட்டணம், பொது முகாமில் கூடாரம் அடிக்கும் கட்டணம், ங்கோரோங்கோரோ எரிமலைக் குழிக்குள் வண்டி இறங்குவதற்கான கட்டணம் ஆகியவை அரசு அமைப்புகள் விதித்தவை. பேரம் பேசி அவற்றைக் குறைக்க முடியாது. வண்டி வாடகையும் எரிபொருளும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே விலையைக் குறைத்துக் காட்ட வேண்டிய போட்டியில், சஃபாரிகள் புறப்படும் அருஷா நகரிலுள்ள நிறுவனங்களும் அவற்றோடு பேரம் பேசும் நீங்களும் கைவைப்பது சாப்பாடு, குடிநீர், சமையற்காரரின் கூலி ஆகிய மூன்றில்தான். மொத்தச் செலவில் இவற்றின் பங்கு சிறியது என்பதால் அங்கே மிச்சமாகும் தொகை கட்டணத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. அதன் விளைவையோ பயணியின் உடல் ஒவ்வொரு வேளையும் உணர்கிறது.

செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரோனேராவில் உள்ள பொது முகாம்களில் சமைப்பதற்கென்றே கட்டடம் இருக்கிறது. மாலையில் பல குழுக்களின் சமையற்காரர்கள் அங்கே அருகருகே அடுப்பு வைத்து வேலை செய்வார்கள். சற்று நேரம் நின்று பார்த்தால், பெரும்பாலோர் இரண்டு சமையல் செய்வது தெரியும். விருந்தினருக்குப் பொட்டலத்திலிருந்து கரைத்த சூப், குழைந்துபோன ஸ்பகெட்டி, எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு ஆகியவை தயாராகும். தமக்கும் ஓட்டுநருக்கும் அவர்கள் செய்துகொள்வது உகாலி என்னும் களி, மஹராகே எனப்படும் சிவப்பு அவரை (ராஜ்மா) குழம்பு, வெங்காயமும் தக்காளியும் சேர்த்து வதக்கிய ம்சிச்சா கீரை. நம் குழுவினர் ‘இந்திய உணவு’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால், முதல் சமையலில் மஞ்சள் தூள் கலந்த ஒரு காய்கறிக் குழம்பு சேரும். இந்தியாவின் எந்த ஊரிலும் அப்படியொரு குழம்பு இல்லை. செய்பவருக்கும் அது பழகிய சமையல் அன்று. அவருடைய கைப்பக்குவம் முழுவதும் இரண்டாவது பாத்திரத்தில் இருக்கிறது, நாமோ முதல் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

அந்த இரண்டாவது பாத்திரத்தை நம் குழுக்களுக்கும் கேட்டு வாங்குங்கள் என்பதே என் முதன்மையான வேண்டுகோள். உகாலி மக்காச்சோள மாவில் கிளறும் களிதான். கேழ்வரகுக் களியும் கம்பங்களியும் உண்டு வளர்ந்தவர்களுக்கு அதைக் கையால் பிட்டுக் குழம்பில் தோய்த்து உண்ண யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ம்சிச்சா நம் தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது. சப்பாத்தி அங்கே அதே பெயரில் அன்றாட உணவாக இருக்கிறது. மக்காச்சோளத்தையும் அவரையையும் சேர்த்து வேகவைக்கும் மகாண்டே, பட்டையும் ஏலக்காயும் சீரகமும் மணக்கும் பிலாவு, பச்சை வெங்காயத்தையும் தக்காளியையும் நறுக்கிக் கலக்கும் கச்சும்பாரி என்று நம் நாக்குக்கு அந்நியமாகாத பண்டங்கள் ஏராளம். காரம் அவர்கள் சமையலில் குறைவு. பச்சை மிளகாய் எல்லாச் சந்தையிலும் கிடைப்பதால் தனித் தட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இவை இறைச்சியையும் டப்பா உணவையும் விட மலிவானவை என்பதால் உங்கள் கணக்கும் இடிக்காது.

துவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அருஷாவிலிருந்து தரங்கிரேக்குச் செல்லும் நெடுஞ்சாலை பூங்காவுக்குப் பிரியும் இடத்தைக் கடந்து பபாத்தி என்னும் ஊருக்குப் போகிறது. பபாத்தியைச் சுற்றியுள்ள உழவர்கள் மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராகத் துவரை விளைவிக்கிறார்கள். நெடுங்காலமாக அந்நாட்டுத் துவரையின் முதன்மைச் சந்தை இந்தியாதான். 2017இல் இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தபோது அந்த உழவர்கள் விலைச் சரிவால் மிகவும் துன்பப்பட்டார்கள். அந்த வயல்களுக்குப் பக்கத்திலேயே பயணம் செய்யும் நம்மவர்கள், பருப்பு கிடைக்காதே என்ற கவலையில் பெட்டி நிறைய உடனடிச் சாம்பார்ப் பொடியையும் நூடுல்ஸையும் சுமந்து வருவதைக் காணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அருஷா சந்தையில் ம்பாசி என்று கேட்டால் துவரை கிடைக்கும். கடற்கரைப் பகுதியில் அதைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, மண்டாசி என்னும் பொரித்த ரொட்டியோடு காலை உணவாக உண்பார்கள். வண்டி புறப்படுவதற்கு முன் சமையற்காரரோடு சந்தைக்குப் போக அரை நாள் ஒதுக்குங்கள்; பயணத் திட்டத்தில் அதைவிடப் பயனுள்ள அரை நாள் வேறில்லை.

பருப்பு வகைகளைக் கேட்கும்போது உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ங்கோரோங்கோரோ விளிம்பிலுள்ள சிம்பா முகாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் அவரையும் துவரையும் வேக வெகுநேரம் பிடிக்கும். அரைவேக்காட்டுச் சிவப்பு அவரையோ வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். காலையிலேயே ஊறவைத்து ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும்; ஒரு பிரஷர் குக்கரும் வண்டியில் இருக்க வேண்டும். நிறுவனத்திடம் குக்கர் இல்லையென்றால் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அது பல பயணங்களுக்கு உழைக்கும்.

அடுத்தது மதிய உணவுப் பெட்டி. விடியற்காலையில் கட்டிய பெட்டி, வெயிலில் ஓடும் வண்டியில் ஐந்தாறு மணி நேரம் கிடந்து, நண்பகலுக்கு மேல் திறக்கப்படுகிறது. அதற்குள் பொரித்த கோழித் துண்டு, வேகவைத்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, சர்க்கரை மிகுந்த பழச்சாற்று அட்டைப்பெட்டி ஆகியவை இருக்கும். சமைத்த இறைச்சியும் முட்டையும் குளிர்ச்சியின்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பதே ஆபத்து. கடும் வெயிலில் அந்த நேரம் இன்னும் குறைவு. இதற்குப் பதிலாகக் காலையில் சுட்ட சப்பாத்தி, வறுத்த வேர்க்கடலை, முழு வெண்ணெய்ப்பழம், வாழைப்பழம், எலுமிச்சை ஆகியவற்றைக் கட்டித் தரச் சொல்லுங்கள். மன்யாரா ஏரிக்குப் பக்கத்திலுள்ள ம்தோ வா ம்பு என்னும் ஊர் ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஊர். சாலையோரக் கடைகளில் செவ்வாழைத் தார்கள் தொங்கும். தோலோடு இருக்கும் பழம் வெயிலில் கெடாது. கழுவாத கையால் பிறர் தொட்டாலும் உள்ளிருப்பது தூய்மையாகவே இருக்கும்.

எங்கே உண்பது என்பதையும் குழுவினருக்கு முன்பே சொல்லி வையுங்கள். எரிமலைக் குழிக்குள் ங்கோய்டோகிடோக் ஊற்றருகே உள்ள உணவிடத்தில் பருந்துகள் பாய்ந்து கையிலிருக்கும் உணவைப் பறித்துச் செல்லும், நகங்கள் முகத்தையும் கிழித்துவிடக்கூடும். அங்கே வண்டிக்குள் அமர்ந்தே உண்ண வேண்டும். தரங்கிரேயில் அந்த வேலையைக் குரங்குகள் செய்யும். செரோனேராவின் பொது முகாம்களுக்கு வேலி கிடையாது. கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட இருக்கக் கூடாது. இரவில் கழுதைப்புலிகள் மணம் பிடித்து வரும்.

இனிக் குடிநீர். பல ஒப்பந்தங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்று என்று எழுதியிருக்கிறது. புழுதியும் வறண்ட காற்றும் உச்சி வெயிலும் சேரும் அந்த நிலத்தில் இது போதவே போதாது. மூன்று லிட்டராவது வேண்டும். பூங்காவுக்குள் போத்தல் நீரின் விலை பல மடங்கு ஆவதால், குறைந்த பணத்தோடு வந்தவர் வாங்கத் தயங்கித் தாகத்தோடு இருந்துவிடுவார். அருஷாவிலேயே பெரிய கேன்களில் நீர் வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டால் செலவும் குறையும், ஞெகிழிக் குப்பையும் குறையும். முகாம் குழாய் நீரைப் பயன்படுத்த நேர்ந்தால் நன்கு கொதித்த பிறகு ஒரு நிமிடமும், சிம்பா முகாம் போன்ற உயரத்தில் மூன்று நிமிடமும் கொதிக்கவிட வேண்டும். அந்த எரிமலை மண்ணின் நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு மிகுதி என்பதையும், கொதிக்கவைத்தால் அது நீங்காது என்பதையும் அறிந்திருங்கள். சில நாள் வந்துபோகும் நமக்கு அதனால் தீங்கில்லை. ஆண்டு முழுவதும் அந்த நீரையே குடிக்கும் சமையற்காரருக்கும் ஓட்டுநருக்கும் தீங்கு உண்டு. ஆகவே கேன் நீரில் அவர்கள் பங்கையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

நீரைப் பற்றிப் பேசும்போது, குழுக்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காட்டுக்குள் ஓடும் வண்டியிலிருந்து நினைத்த இடத்தில் இறங்க முடியாது. இரவில் கழிப்பறைக்கு நடந்து போவதும் அச்சம் தருவது. இதனால் பெண்கள் பலர் நாள் முழுவதும் நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தலைவலியில் தொடங்கிச் சிறுநீர்த் தொற்றில் முடிவது இதுதான். செரெங்கெட்டியின் நாபி குன்று நுழைவாயில், செரோனேரா பார்வையாளர் மையம், எரிமலைக் குழியின் உணவிடம் என்று கழிப்பறை உள்ள இடங்களை முன்பே பட்டியலிட்டு, அங்கெல்லாம் கேட்காமலே வண்டியை நிறுத்தும்படி ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள். பெண்களின் கூடாரங்கள் கழிப்பறைக்கு மிக அருகில் இருக்கட்டும். விடியல் முதல் பிற்பகல் வரை தாராளமாகக் குடித்து, இரவு உணவுக்குப் பின் குறைத்துக்கொள்ளும்படி குழுவினரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். குழுவில் மூத்த பெண் ஒருவர் பேசினால் இன்னும் நல்லது.

தேநீருக்குக் குறை வராது. மாலையில் இஞ்சி தட்டிப் போட்ட தேநீரும் சோளப்பொரியும் கட்டாயம் கிடைக்கும். காப்பி மட்டும் எனக்கு மனக்குறை: கிளிமஞ்சாரோ சரிவிலும் மேரு மலைச் சரிவிலும் அருமையான காப்பி விளையும் நாட்டில் முகாம்களில் உடனடிக் காப்பித் தூளைக் கலந்து கொடுக்கிறார்கள். அரைத்த தூள் ஒரு பொட்டலமும் துணி வடிகட்டியும் வாங்கிச் சென்றால் போதும். பீர் விரும்புவோர் விலையையும், இரவில் எழுந்து நடக்க நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

சைவ உணவு உண்போர் குழுவில் இருந்தால் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கோழி, மீன், முட்டை, சூப்பில் கரைக்கும் இறைச்சிச் சாற்றுக் கட்டி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிச் சமையற்காரரிடமே நேரில் கொடுங்கள். அலுவலகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் அடுப்பங்கரை வரை போய்ச் சேருவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவர விரும்புவோருக்குப் பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும். 2019 ஜூன் 1 முதல் அந்நாட்டில் ஞெகிழிப் பைகளுக்குத் தடை இருப்பதால் அவை டப்பாவில் வரட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்.

பள்ளி விடுமுறைக்காக ஏப்ரல், மே மாதங்களில் குழு அழைத்துச் செல்வோர் ஒன்றை மறக்கலாகாது. நமக்குக் கோடையான அந்த மாதங்கள் அங்கே நீண்ட மழைக்காலம். சேற்றில் வண்டி புதைந்து மணிக்கணக்கில் நிற்கலாம். ஒரு வேளைக்கான உலர் உணவும் ஒரு நாளைக்கான குடிநீரும் கூடுதலாக வண்டியில் இருக்கட்டும்.

கடைசியாகச் சமையற்காரரின் கூலி. விடியலுக்கு முன் எழுந்து, குழு உறங்கிய பின் பாத்திரம் கழுவி, சில முகாம்களில் நிலத்தில் குந்தியபடியே அத்தனை பேருக்கும் சமைப்பவர், பெரும்பாலும் பயணிகள் விரும்பித் தரும் அன்பளிப்பை நம்பியே வாழ்கிறார். நம் குழுக்களில் அன்பளிப்பை ஓட்டுநர் கையில் மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பும் வழக்கம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். சமையற்காரருடைய நாள் கூலி எவ்வளவு என்று நிறுவனத்திடம் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். அன்பளிப்பைத் தனி உறையில் அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

வேளைவாரியான உணவுப் பட்டியல், ஒருவருக்கு எத்தனை லிட்டர் குடிநீர், சமையற்காரரின் கூலி, அன்பளிப்பின் அளவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, முன்பணம் வாங்குவதற்கு முன்பே பயணிகளிடம் கொடுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் அந்தத் தாளைப் படித்தவர்கள் மனமுவந்து கட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கூடாரப் பயணத்தை நேசிக்கும் ஒரு பயணி