பாடநூல் ஆசிரியர்களே, அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள்

குடிமையியல் பாடநூல்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இந்திய அரசியலமைப்பு என்றதும் உங்கள் நூல்களில், எதை எந்த நாட்டிலிருந்து எடுத்தோம் என்று ஓர் அட்டவணை வந்துவிடுகிறது. நாடாளுமன்ற முறை பிரிட்டன், அடிப்படை உரிமைகள் அமெரிக்கா, வழிகாட்டு நெறிமுறைகள் அயர்லாந்து, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் பிரான்ஸ். பிள்ளைகள் மனப்பாடம் செய்து 'பொருத்துக' கேள்வியில் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அட்டவணை பொய்யில்லை. ஆனால் அதோடு நிற்கிறவருக்கு நம் அரசியலமைப்பு ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கி வந்த சாமான் மாதிரிதான் தெரியும்.

இந்தப் பேச்சு அரசியலமைப்பை எழுதியபோதே இருந்தது. 1948 நவம்பர் 4 அன்று வரைவை அரசியல் நிர்ணய அவையில் முன்வைத்த அம்பேத்கர், இரவல் வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அடிப்படைக் கருத்துகளுக்கு யாரிடமும் காப்புரிமை கிடையாது என்று பதில் சொன்னார். அவருடைய வருத்தம் வேறு. பிரிட்டிஷ் ஆட்சியின் 1935 இந்திய அரசுச் சட்டத்திலிருந்து எடுத்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்களாக இருந்தன. அவற்றையும் ஏன் எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், அரசியலமைப்பு அறம், அதாவது அரசியலமைப்பை மதித்து நடக்கும் பழக்கம், இங்கே இன்னும் வேர்பிடிக்கவில்லை. அரசியலமைப்பின் உருவத்தைத் தொடாமல் நிர்வாக முறையை மட்டும் மாற்றியே அதன் நோக்கத்தைக் கெடுத்துவிடலாம் என்றார். இன்றைய செய்தித்தாளோடு சேர்த்துப் படிக்க வேண்டிய உரை அது.

சகோதரத்துவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1946 டிசம்பரில் நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் அது இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுதான் அதை முகவுரையில் சேர்த்தது. இணக்கமும் நல்லெண்ணமும் இந்தியாவுக்கு இப்போதுபோல் எப்போதும் தேவைப்பட்டதில்லை என்று 1948 பிப்ரவரியில் அவைத் தலைவருக்குக் காரணமும் எழுதியது. அப்போது காந்தி கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்பேத்கரோ 1954 வானொலி உரையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற என் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், புத்தரிடமிருந்து பெற்றேன் என்றார். அதே மனிதர் 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் பேசும்போது 1789 பிரான்சைத்தான் எடுத்துக்காட்டினார் என்பதும் உண்மை. இதை ஒரு கட்டத்துக்குள் எப்படி அடைப்பீர்கள்?

அப்புறம், பிரிவு 15(2). கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் பெயராகச் சொல்கிறது. சமத்துவம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். முடிக்காததன் காரணம் மகாடின் சவுதார் குளத்தில் இருக்கிறது. நகராட்சி எல்லோருக்கும் திறந்துவிட்ட குளம்தான். ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தலித்துகளும் அதில் தண்ணீர் குடித்தார்கள் என்பதற்காக ஆதிக்க சாதியினர் அவர்களை அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17-க்கும் உங்கள் அட்டவணையில் நாடு கிடைக்காது.

அட்டவணையை எடுக்கச் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் அதற்கு எதிர்ப்பக்கத்தில் அவை விவாதத்திலிருந்து ஒரு பக்கம் போடுங்கள். தொகுதிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. கேள்வித்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இதையும் கேளுங்கள்: 'பிரிவு 15(2)-இல் குளத்தைத் தனியாகக் குறிப்பிட்டது ஏன்?'

இப்படிக்கு,
உங்கள் நூல்களைப் படித்தே தேர்வு எழுதிய ஒருவர்