சண்டை போடுங்கள், குழுவை விட்டுப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"இங்கே விவாதம் வேண்டாம், வாழ்த்தும் அறிவிப்பும் மட்டும் போதும்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விதி இப்போது அங்கங்கே முளைக்கிறது. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் குழுவிலும் போட்டுவிட்டார்கள். காரணம், நானும் எனக்கு மூன்று மாடி மேலே இருக்கும் அண்ணன் ஒருவரும் போட்ட கைப்பேசிச் சண்டை. அதனால் இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

மகனுக்கு எந்த போன் வாங்கலாம் என்று ஒரு தங்கச்சி சாதாரணமாகத்தான் கேட்டார். 2024ல் வந்த கேலக்ஸி எஸ்24க்கே ஏழு வருட அப்டேட் தருவதாக சாம்சங் சொல்லிவிட்டது, இனி ஐஃபோனுக்கு எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்றார் அண்ணன். ஏழு வருடம் அப்டேட் வரும், பேட்டரி வருமா என்று நான் கேட்டேன். அவர் விடவில்லை. ஐரோப்பாவில் சட்டம் போட்டு மிரட்டிய பிறகுதானே 2023ல் ஐஃபோன் 15க்கு எல்லாரையும் போல சார்ஜர் ஓட்டை வந்தது, அதுவரை தனி வயரைக் கட்டிக்கொண்டு அழுதீர்களே என்றார். இதுவரை நல்ல சண்டைதான், கேட்ட தங்கச்சிக்கும் உபயோகம். அப்புறம்தான் "பெருமைக்கு வாங்குகிறவர்கள்", "கஞ்சர்கள்" என்று போனை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டோம். அவர் குழுவை விட்டே போய்விட்டார். லிஃப்டில் பார்த்தால் அவர் மாடி எண்ணைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன்.

என் பூனைக்கு வயதாகிவிட்டது, சிறுநீரகம் பழுது. தோலுக்கு அடியில் வீட்டிலேயே உப்புநீர் ஏற்றச் சொன்னார் மருத்துவர். ஒவ்வொரு முறையும் கிளினிக்குக்குத் தூக்கிப்போக எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் பூனையை ஏற்ற முடியாது, டாக்சிக்குக் கட்டுப்படியாகாது. ஊசி போட ஒருவர், பூனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும், என் கணவருக்கோ ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். பிடிக்க யாராவது வருவீர்களா என்று குழுவில் கேட்டேன். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன, ஆள் வரவில்லை. இந்த வேலை தெரிந்த ஒரே மனிதர்தான் குழுவில் இல்லையே!

நல்லவேளை, லிஃப்ட் இருந்தது. என் கையில் இருந்த மருந்துப் பையைப் பார்த்துவிட்டு, "சிறுநீரகமா? யார் பிடிச்சுக்கறாங்க?" என்றார் அண்ணன். யாருமில்லை என்றேன். "எட்டு மணிக்கு வரேன்" என்றார், அவ்வளவுதான். உப்புநீர்ப் பையை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வெதுவெதுப்பாக்கி ஜன்னல் கம்பியில் மாட்டினோம். அவர் பூனையைத் துண்டில் சுற்றி முன்னங்கால்களை அமுக்கிக்கொள்ள, நான் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியை ஏற்றினேன். நீர் இறங்க இறங்கத் தோளில் ஒரு வீக்கம் எழும்பும், சில மணி நேரத்தில் தானே வடியும், பயப்படாதீர்கள் என்று சொன்னவரும் அவர்தான்.

அவருடைய ஷிட்சு நாய்க்கு இதய வால்வில் கசிவு. காலையும் இரவும் மாத்திரை. அது தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும், விலா ஏறி இறங்கினால் ஒன்று, நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அவருக்கு இரவு வேலை இருக்கும் நாட்களில் நான் மேலே போய் எண்ணி, வீடியோவும் எடுத்து அனுப்புகிறேன். ஐஃபோன் வீடியோ மங்கலாக இருக்கிறது என்று பதில் வரும். உங்கள் திரையைத் துடையுங்கள் என்று எழுதுவேன். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விவாதம் நடந்திருக்கும். ஐஃபோன்தான் நல்லது என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உரிமத்தோடு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் பூனை வைத்திருந்தவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். இப்போதுதான் எந்த வீட்டில் எது சீக்காக இருக்கிறது என்று வெளிப்படையாகக் கேட்க முடிகிறது. இந்த நேரத்தில் குழுவின் வாயை அடைத்தால் எப்படி? அட்மின்களே, ஆளைத் திட்டுகிறவர்களைக் கண்டியுங்கள், போன் சண்டையை விட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டு போனவர்களை நீங்களே போய்க் கூப்பிடுங்கள்.

எங்கள் அட்மினிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அண்ணனைத் திரும்பச் சேர்க்கச் சரி என்கிறார், விதியை எடுக்க யோசிக்கிறார். அண்ணனோ விதியை எடுத்தால்தான் வருவேன் என்று நிற்கிறார்.

ஈசூன் வாசகி