சிவப்பு ரிப்பனை யார் கையில் கட்டுவது?

காவேரிப்பட்டினம்
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள கோலி,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீ மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று உன் மகள் போனில் சொன்னாள். மெதுவாக ஏறு. (என்னிடம் வரும் பிள்ளைகளிடம் கோலி என்றால் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கோல் கம்பத்துக்கு நடுவே நின்றதால் உனக்கு வந்த பெயர் என்று விளக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.)

மாங்கூழ் ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ரோடு முழுக்கப் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள். விலை பற்றிய புலம்பல் வழக்கம்போலத்தான்.

ஓய்வு பெற்ற பிறகு பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மாலையில் கால்பந்து பழக்குகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இப்போது பதினொரு பேர் வருகிறார்கள், நான்கு பேர் பெண் பிள்ளைகள். அணிக்கு ஏழு பேர் ஆட்டம், சிறுவர்களுக்கான நான்காம் எண் பந்து. பாதிப் பேருக்குப் பூட்ஸ் கிடையாது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள் என்று சொல்லித் தேற்றினேன். "ஜெயித்தார்களா சார்?" என்றான் ஒருவன். இரண்டு பெனால்டியை வீணடித்து 2-1 என்று தோற்ற கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு ஆட்டம் வைத்தோம். அப்போதுதான் கேப்டன் பிரச்சினை முளைத்தது. முதலில் எனக்குச் சந்தேகமே இல்லை. தக்காளி மண்டிக்காரர் மகன் ஒருவன் இருக்கிறான், காற்றாய் ஓடுவான், கோல் அடிப்பவனும் அவன்தான். ஆனால் பந்து தன்னிடம் வராவிட்டால் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவான். தான் தவறவிட்டால் திரும்பி அடுத்தவனைத் திட்டுவான். ஒன்பது வயதில் அது பெரிய குற்றமில்லை. ஆனால் கையில் கேப்டன் பட்டையையும் கட்டிவிட்டால், திட்டுவதுதான் தன் வேலை என்று நினைத்துக்கொள்வானே என்று தயங்கினேன்.

சரி, ஜனநாயகம் என்று சீட்டு எழுதிப் போடச் சொன்னேன். பதினொரு சீட்டில் ஆறு பேர் தங்கள் பெயரையே எழுதியிருந்தார்கள். இரண்டு மண்டிக்காரர் மகனுக்கு. மூன்று, மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொண்டுவரும் பையனுக்கு. நம் காலத்துத் தேர்தல்களைப் பார்க்க அது ஒன்றும் மோசமான தகுதியில்லை.

கடைசியில் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி, ஆட்டத்துக்கு ஒருவர் என்று வைத்துவிட்டேன். மறுநாளே மண்டிக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். ஆட்ட விதிகளின்படி கேப்டனுக்குத் தனிச் சலுகை ஏதும் கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும்தான் உண்டு என்று விளக்கினேன். "அப்புறம் எதற்கு சார் அந்தக் கைப்பட்டை?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பதிவேட்டில் முதல் பெயர், வாயே திறக்காத ஒரு பெண்ணுடையது. கைப்பட்டை அவள் கைக்குத் தொளதொளவென்று இருந்ததால் அவளுடைய சிவப்பு ஜடை ரிப்பனையே கட்டிவிட்டோம். பூவா தலையாவில் அவளே ஜெயித்தாள். இடையில் சில காலம் டாஸ் ஜெயித்தவர் பக்கத்தை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடியும். 2019-இலிருந்து விரும்பினால் முதல் உதையையும் கேட்டு வாங்கலாம். நம் பிள்ளைகள் பத்துப் பேரும் "கிக் ஆஃப் கேள், கிக் ஆஃப் கேள்" என்று கத்தினார்கள். அவள் பேசாமல் கையை நீட்டி மேட்டைக் காட்டினாள். எங்கள் மைதானம் ஏரிப் பக்கமாகச் சரிந்திருக்கும். மேட்டை நோக்கி ஆடுவது வண்டியைத் தள்ளுவது மாதிரி. எனக்கு நெஞ்சு அடைத்தது.

முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில் எதிரணிப் பிள்ளைகள் மேடேற முடியாமல் மூச்சு வாங்க, பந்து எங்களுக்காகவே உருண்டது. 2-2. பிறகு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நாங்கள் ஆடு மேய்க்கிற இடம்தானே சார் இது. காலையில் மேடு ஏறிவிடும். களைத்த பிறகு இறக்கத்தில் தானாக வந்துவிடும்" என்றாள். இரண்டு வருடமாக அந்த மைதானத்தில் நின்று விசில் ஊதுகிற எனக்கு இது தோன்றவில்லை!

இப்போது பிள்ளைகள் அவளையே நிரந்தரமாக வைக்கச் சொல்கிறார்கள். நான் வரிசையை மாற்றவில்லை. அடுத்த முறை மண்டிக்காரர் மகன். நேற்று அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் எடுக்கலாம் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தான். மண்டிக்காரர் இன்னொரு முறை வந்தால் இதைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

2024 ஐரோப்பியக் கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் போய்ப் பேசலாம் என்று வைத்தார்கள், பார்த்தாயா? கேப்டன் கோல்கீப்பராக இருந்தால் அவருக்குப் பதிலாக வேறொருவர் போக வேண்டும். உடனே உன் நினைவு வந்தது. 1978-இல் கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டமாக இருந்தபோது, பஸ் பிடித்துத் தர்மபுரிக்கு ஆடப் போனோமே. என்னைக் கேப்டனாக்கியது ஆட்டத்துக்காக இல்லை, அப்பா பெங்களூரில் வாங்கிவந்த தோல் பந்து என்னுடையது என்பதற்காக. கடைசி கோல் விழுந்ததும் நான் திரும்பி நின்று, எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினேன். நீ ஒன்றும் சொல்லாமல் வலைக்குப் பின்னால் போய்ப் பந்தை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாய். இடுப்பில் கைவைத்து நிற்கும் அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன், மன்னித்துக்கொள்.

முழங்கால் அனுமதித்தால் ஆகஸ்டில் வா. எங்கள் கோல்கீப்பர் பையன் பந்து நெருங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

அன்புடன்,
பந்துக்காரன்