சுமையைக் கழற்றினால் சேனர் என்ன ஆகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தர மாணவருக்காக நீங்கள் வெளியிடும் பௌதிகவியல் மாதிரி வினாக்களை, ஹட்டனில் றேடியோ திருத்தும் கடை வைத்திருக்கும் நானும் தவறாமல் பார்க்கிறேன். வோல்ற்றளவை ஒரே அளவில் வைத்திருக்கும் சேனர் இருவாயி பற்றிய கணக்கு வந்தால், சுமை, அதாவது மின்னை எடுக்கும் கருவி, இணைத்தபடியே இருக்கும். மின்னோட்டத்தைக் கண்டதோடு விடை முடிந்துவிடும். சுமையைக் கழற்றினால் சேனரில் எவ்வளவு வலு விரயமாகும் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

அண்மையில் டிக்கோயாப் பக்கத் தோட்டத்துப் பையன் ஒருவன், அப்பாவின் ஆட்டோவில் தானே செய்து பூட்டிய சுற்றைக் கொண்டுவந்தான். 12 வோல்ற் பற்றரியிலிருந்து 5.1 வோல்ற் எடுத்துச் சின்ன ஸ்பீக்கரை ஓட்டுவதற்கு. 56 ஓம் தடையி, அரை வாற்று சேனர். சேனரின் கண்ணாடி கறுத்து, கீழே போர்டு பொரிந்திருந்தது. "பாட்டு ஓடும்போது ஒன்னும் ஆகல அண்ணே, ஆஃப் பண்ணி வச்சப்பதான் புகைஞ்சுச்சு" என்றான்.

அப்படித்தான் ஆகும். தடையி வழியே வரும் மின்னோட்டத்தில் சுமை எடுத்தது போக மிச்சமெல்லாம் சேனருக்கு. எஞ்சின் நிற்கும்போது தடையி வழியே வருவது 123 மில்லியம்பியர்; ஸ்பீக்கர் அதில் 100 எடுத்தால் சேனருக்கு 23தான், 0.12 வாற்று. எஞ்சின் ஓடினால் பற்றரி முனையில் 14.4 வோல்ற் வரை வரும். அப்போது ஸ்பீக்கரையும் நிறுத்தினால் 166 மில்லியம்பியரும் சேனருக்குள் போகும், 5.1ஆல் பெருக்கினால் 0.85 வாற்று. அரை வாற்று எப்படித் தாங்கும்? தடையியிலும் 1.5 வாற்றுக்கு மேல் போகிறது. சேனர் ஷோர்ட்டாகிவிட்டால் 14.4 வோல்ற்றும் தடையி மேல் விழுந்து 3.7 வாற்று ஆகும். ரெக்ஸின் சீற்றுக்கு அடியில் இது நடந்தால் தீப்பிடிக்கும். மலைநாட்டுக் குளிர் காப்பாற்றும் என்று நினைக்கக் கூடாது. மூடிய பெட்டிக்குள் குளிர் ஏது?

அந்தப் பையனுக்கு 7805 என்ற 5 வோல்ற் சீராக்கி ஐசி ஒன்றைப் பூட்டிக் கொடுத்தேன். சுமை இல்லாதபோது அது சில மில்லியம்பியர் மட்டுமே எடுக்கும். சேனர்தான் வேண்டுமென்றால் குறைந்தது ஒரு வாற்று சேனரும் 5 வாற்றுத் தடையியும் போட வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை சேனர் வினா போடும்போது இன்னொரு பகுதியும் சேருங்கள்: வழங்கல் வோல்ற்றளவு உச்சத்தில், சுமை இல்லை, சேனரும் தடையியும் எத்தனை வாற்று தாங்க வேண்டும்? நம் பிள்ளைகள் கணக்கோடு நிற்பதில்லை, செய்தும் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
வானொலி திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்.