பின் டயருக்கு எவ்வளவு காற்று?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மொட்டை, காதுகுத்து என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அதுவரை நல்லது.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை வெயிலில் ஏழு பேர், பொங்கல் அண்டா, அரிசி மூட்டை, சீர்த் தட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போகப் போகிறாய். "வெயிலுக்கு டயர் வெடிக்கும், காற்றைக் குறைத்து வையுங்கள்" என்று பட்டறையில் யாரோ சொன்னாராமே, அதை மட்டும் செய்யாதே. பாரம் ஏற்றிய வண்டியில் காற்று குறைந்தால்தான் ஆபத்து. டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அமுங்கி நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சுடுமே, அந்த மாதிரி ரப்பர் உள்ளுக்குள்ளேயே சூடேறும். நாற்கரச் சாலையில் நூறில் போகும்போது அந்தச் சூடுதான் டயரைக் கிழிக்கும்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தூணில் பார், ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இரண்டு ஆள் படம் போட்டு ஓர் எண், ஆட்களும் பெட்டியும் படம் போட்டு இன்னோர் எண். நீ வைக்க வேண்டியது இரண்டாவது. எங்கள் வீட்டு வண்டியில் சாதாரணமாக நாலு டயருக்கும் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் கணக்கு), முழுப் பாரத்துக்குப் பின்னால் மட்டும் 36. உன்னுடையதில் வேறாக இருக்கும், அதையே வை. டயர் மேலேயே அச்சடித்திருக்கும் 44, 51 எல்லாம் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உன் வண்டிக்கானது இல்லை.

காற்றைக் கூட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றும் நினைத்துவிடாதே. டயரில் சைஸ் எண்ணுக்குப் பக்கத்தில் 88 என்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோதான் தாங்கும். அதற்கும் முன்னாலேயே வண்டியின் சொந்த வரம்பு வந்துவிடும். ஏழு பேர் ஏறினாலே 400 கிலோவுக்கு மேல். அண்டாவை வேறு வண்டியில் அனுப்பு, கேரியரில் கட்டாதே.

விடியற்காலையில், வெயில் படுமுன், பக்கத்து பெட்ரோல் பங்கிலேயே காற்றுப் பிடித்துவிடு. அங்கே இருக்கும் பையன் எதுவும் கேட்காமல் எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணைத் தட்டுவான். நீ பக்கத்தில் நின்று முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு என்று சொல். ஸ்டெப்னியையும் பார்க்கச் சொல், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தி அளந்தால் 33 வைத்தது 37, 38 காட்டும். சூட்டில் அப்படித்தான் ஏறும். அந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் ஸ்டிக்கரில் எண் போட்டிருக்கிறார்கள், பயந்து இறக்கிவிடாதே. டயர் ஆறினதும் குறைந்துபோகும்.

நைட்ரஜன் போடலாமா என்று கேட்டிருந்தாய். சாதாரணக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் அதுதான். காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஊர் திரும்பி, பாரம் இறங்கியதும் மறக்காமல் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடு. இல்லாவிட்டால் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், தங்கச்சி உன்னைத்தான் திட்டும்.

தேதியை எழுது. நான் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன், எட்டாவது ஆளாக உன் வண்டியில் ஏற மாட்டேன்.

அன்புடன்,
சுப்பையா