கொங்கார் பொறுத்துப்போனவரா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானது பெரிய நிம்மதி, என் வாழ்த்தை அவளிடம் சொல். ஆனால் நீ பங்குப்பேரவையிலிருந்து, அதுதான் உங்கள் கோயில் நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவிலிருந்து, விலகிவிட்டாய் என்று படித்ததும் மனது கனத்துப்போனது. கணக்கு வழக்கைப் பற்றிக் கேள்வி கேட்டவர்களுக்குத் தவக்காலத் தியானத்தில் பிரெஞ்சு இறையியலாளர் இவ் கொங்காரை உதாரணம் காட்டி, "அவர் வாய் திறக்கவில்லை, கடைசியில் கர்தினால் ஆனார், பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று பிரசங்கம் செய்தார்களாமே, அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் அதிகம் படித்தது அந்த மனிதரைத்தான். அவர் கதை அது இல்லை.

1904இல் பிரான்சின் செடான் நகரத்தில் பிறந்தவர். 1914இல் ஜெர்மன் படை ஊருக்குள் வந்தபோது பத்து வயது. அம்மா சொன்னதால் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, பக்கத்துக்குப் பக்கம் படமும் வரைந்து வைத்திருக்கிறான் அந்தப் பையன். பங்குக் கோயிலை ஜெர்மானியர் எரித்துவிட்டார்கள். அப்போது அந்த ஊர்ப் புராட்டஸ்டண்ட் போதகர் தங்கள் சிற்றாலயத்தைக் கத்தோலிக்கருக்குத் திறந்துவிட்டார், வருடக்கணக்கில் பூசை அங்கேதான் நடந்தது. பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, அங்கே முழந்தாளிட்டதிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். 1925இல் தொமினிக்கன் துறவற சபையில் சேர்ந்தார், 1930இல் குருப்பட்டம், 1937இல் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய முதல் பெரிய நூல். அப்புறம் போர். 1940 முதல் 1945 வரை ஜெர்மானியரிடம் போர்க்கைதி, கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலும் இருந்திருக்கிறார்.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது 1950இல் வந்த நூலைப் பற்றி. திருச்சபையில் உண்மையான சீர்திருத்தம் எது, பொய்யானது எது என்பதுதான் பொருள். நான்கு நிபந்தனைகள் வைக்கிறார்: கொள்கைப் பிடிவாதம் அல்ல, அன்பும் மக்கள் நலனும் முதலில் வர வேண்டும்; எல்லோரோடும் உறவை முறித்துக்கொள்ளக் கூடாது; பொறுமை வேண்டும்; புதிதாக எதையோ கொண்டுவந்து ஒட்டாமல் மரபின் ஆழத்துக்குத் திரும்ப வேண்டும். உங்கள் பிரசங்கியார் மூன்றாவதான பொறுமையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். அதே இடத்தில் கொங்கார் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் சொல்கிறார்: கேட்கிறவனைக் காக்கவைத்துக்கொண்டே போகாதீர்கள், அவன் பொறுமையைச் சோதிக்காதீர்கள். இந்தப் பாதி எந்தப் பிரசங்கத்திலும் வருவதில்லை.

அந்த நூலை வேறு மொழிகளில் பெயர்க்கக் கூடாது என்று 1952இல் ரோம் தடுத்தது. 1954இல், தொழிற்சாலைகளில் கூலிவேலை செய்த குருக்களின் முயற்சியை ரோம் முடக்கியபோது, அவர்களுக்காகப் பேசிய கொங்காரையும் அவர் ஆசிரியர் ஷெனுவையும் இன்னும் சிலரையும் பாரிசை விட்டு அகற்றினார்கள். பாடம் நடத்தக் கூடாது. ஜெருசலேம், ரோம், கேம்பிரிட்ஜ் என்று ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒன்றிப்புக்காகவே உழைத்த மனிதர், கேம்பிரிட்ஜில் ஆங்கிலிக்கன்களோடு, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையினரோடு, பழகவும் தடை. 1956 செப்டம்பரில் அங்கிருந்து அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். என்னை ஏறக்குறைய அழித்துவிட்டார்கள் என்கிறார். உடம்பைத் தொடவில்லை, ஆன்மாவையும் தொடவில்லை, ஆனால் மனிதன் என்பவன் தோலும் ஆன்மாவும் மட்டும் இல்லையே, நான் நம்பியது, உழைத்தது, என் நண்பர்கள், என் பாடங்கள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்களே என்கிறார். தவறாக எதையும் சொன்னதற்காக அல்ல, அவர்களுக்குப் பிடிக்காததைச் சொன்னதற்காக. நாஜிகளிடம் ஐந்து வருடம் கைதியாக இருந்தவர், கொள்கை விஷயங்களைக் கண்காணித்த ரோமின் புனித அலுவலகத்தை அந்த நாஜிகளின் ரகசிய போலீசோடு அதே கடிதத்தில் ஒப்பிடுகிறார். வாய் திறக்காதவர் எழுதுகிற கடிதமா இது, சொல்!

கீழ்ப்படிந்தார், உண்மை. சபையை விட்டுப் போகவில்லை. ஆனால் நடந்தது சரி என்று ஒருநாளும் சொல்லவில்லை, வேலையையும் விடவில்லை. நாடுகடத்தப்பட்ட இடங்களில் உட்கார்ந்து குறிப்புகள் எடுத்துக்கொண்டே இருந்தார். மரபைப் பற்றிய அவருடைய பெரிய ஆய்வு 1960களின் தொடக்கத்தில் இரண்டு பாகமாக வந்தது.

திருத்தந்தை 23ஆம் யோவான், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் தயாரிப்புக் குழுவுக்கு 1960இல் அவரை ஆலோசகராக்கினார். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், என்றாலும் அவருடைய சங்க நாட்குறிப்பில் 1965 டிசம்பர் 7ஆம் தேதிப் பக்கத்தை நீ படிக்க வேண்டும். சங்கம் வெளியிட்ட எந்த ஏட்டில் எந்தப் பகுதி தன் கையிலிருந்து போனது என்று கணக்குப் போல எழுதி வைத்திருக்கிறார். மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டின் முதல் அதிகாரம் முழுக்க அவருடையது, எட்டாம் எண் கொண்ட பத்தியில் மட்டும் கொஞ்சம், பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கரிடம் வாங்கியது. திருச்சபை பற்றிய ஏட்டில் இறைமக்கள் அதிகாரத்திலும் சில பத்திகள். அந்த அதிகாரம் ஆயர்களைப் பற்றிய அதிகாரத்துக்கு முன்னால் வருகிறது, கவனி. முதலில் திருமுழுக்குப் பெற்ற எல்லோரும், பிறகுதான் பதவிகள். நீ பங்குப்பேரவையில் உட்கார்ந்து கணக்குக் கேட்டதற்கு அந்த வரிசையில்தான் வேர் இருக்கிறது.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பொதுநிலையினரை, அதாவது குருவோ துறவியோ அல்லாத விசுவாசிகளைப் பற்றி 1953இல் அவர் எழுதிய நூல் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. பிற்பாடு 1971இல், குருவை வைத்தே பொதுநிலையினரை விளக்கியது போதாது, எல்லோருடைய பணிகளிலிருந்தும் தொடங்கியிருக்க வேண்டும் என்று அவரே எழுதினார். புகழ் வாங்கித் தந்த நூலைத் தானே திருத்தும் அறிஞர்கள் குறைவு.

நரம்பு நோய் இளவயதிலிருந்தே கூட வந்தது, கடைசி வருடங்களில் பாரிசில் இன்வலிடு ராணுவ மருத்துவமனையில் இருந்தார். 1994இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைக் கர்தினாலாக்கியபோது ரோமுக்குப் போகக்கூட உடம்பு இடம் கொடுக்கவில்லை. அடுத்த ஜூனில் இறந்துவிட்டார். அந்தக் கர்தினால் சிவப்புத் தொப்பி 1954இல் நடந்ததற்கு ஈடாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொண்ணூறு வயதில் கொடுத்தது மரியாதை, பிடுங்கிக்கொண்ட வருடங்கள் திரும்ப வரவில்லை.

சரி, பேரவைக்குத் திரும்பு என்று நான் வற்புறுத்தமாட்டேன், அது உன் முடிவு. ஆனால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போவதையாவது நிறுத்தாதே. அந்த 1950 நூலின் ஆங்கிலப் பெயர்ப்பு என்னிடம் இருக்கிறது. நான்கு நிபந்தனைகள் வரும் பகுதியை நகலெடுத்து அடுத்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன், படித்துவிட்டு எங்கே என்னோடு ஒத்துப்போகவில்லை என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்