மல்லசந்திரத்துக்கு வழி சொல்ல ஒரு பலகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வார விடுமுறைச் சுற்றுலா என்றாலே ஒகேனக்கல், கே.ஆர்.பி. அணை என்று அதே இடங்களைத்தான் எழுதுகிறீர்கள். பெங்களூரிலிருந்து கார் எடுத்து வருகிற பிள்ளைகளும் மீன் வறுவல் சாப்பிட்டு, நாலு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இங்கே வேறு என்ன இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

நான் சில வருடம் மதீனாவில் வேலை பார்த்தவன். அங்கே வெள்ளி, சனி லீவு. பாலக்கோடு, காவேரிப்பட்டினம் நண்பர்களோடு ஒருமுறை காரில் சவூதியின் பழைய கல்லறை நகரமான ஹெக்ரா போனோம். அதன் இன்னொரு பேரான மதாயின் சாலிஹ் என்றால் வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். 300 கிலோமீட்டருக்கு மேல் பாலைவன ரோடு. எந்த நேரத்தில் ஒட்டகம் குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது.

நபட்டேயர்கள் என்ற பழைய அரபு வணிக மக்கள் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் மணற்பாறையில் குடைந்த கல்லறைகள் அங்கே 111 இருக்கின்றன. அதில் 94-க்கு முகப்பு வேலைப்பாடு உண்டு. தனியாக நிற்கும் கஸ்ர் அல் ஃபரீத் என்ற கல்லறையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மேல்பகுதி இழைத்துவைத்தது போல இருக்கும். கீழே வர வர உளி கொத்திய தழும்பு அப்படியே நிற்கும். மேலிருந்து செதுக்கிக்கொண்டு வந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள். சில கல்லறைகளின் வாசலுக்கு மேல் உரிமையாளர் பெயர், யார் யாரை உள்ளே புதைக்கலாம், மீறினால் என்ன அபராதம் என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பத்திரத்தில்கூட இவ்வளவு தெளிவு இருக்காது!

2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். சொந்தக் காரை உள்ளே விடவில்லை, அவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். கதை சொல்லிக் கூட்டிப்போனது அந்த ஊர்ப் பையன்.

சரி, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வருவோம். மல்லசந்திரம் குன்றின் மேல் கல்திட்டைகள் பரவிக் கிடக்கின்றன. நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரே கல்லால் மூடிய இரும்புக்கால ஈமச்சின்னங்கள். நான் போனபோது கீழே டீக்கடையில் வழி கேட்டால், “எந்தப் பாறைங்க?” என்றார்கள். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையிலேயே முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஹெக்ராவைவிட இரண்டு மடங்கு பழசு. (2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இரும்பு அதைவிடப் பழசு என்று அறிவித்துவிட்டார்கள், அதற்காக மயிலாடும்பாறையை மறந்துவிடலாமா?)

சவூதி அளவுக்குச் செலவு செய்ய நம்மால் முடியாது, தேவையும் இல்லை. மெயின் ரோட்டில் ஒரு வழிகாட்டிப் பலகை, ஒரு காவலாளி போதும். அப்புறம் அந்தந்த ஊர் இளைஞர்கள் நாலைந்து பேருக்குக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் பயிற்சி கொடுத்து, சனி ஞாயிறு வழிகாட்ட விடலாம். வருகிற கட்டணம் அவர்களுக்கே போகட்டும்.

இதைவிட அவசரமான காரியம் ஒன்று. கிரானைட்டுக்குப் பேர் போன மாவட்டம் இது. எந்தக் குன்றில் என்ன சின்னம் இருக்கிறது என்ற பட்டியலைத் தொல்லியல் துறை தயாரித்து, குவாரி உரிமம் கொடுப்பவர்கள் கையில் முதலில் கொடுக்க வேண்டும். கல் போன பிறகு பலகை வைத்து என்ன பயன்?

நீங்களும் சுற்றுலாப் பக்கத்தில் ஒரு வாரம் மல்லசந்திரத்துக்கு இடம் ஒதுக்கி, போகிற வழியையும் பஸ் நேரத்தையும் போடுங்கள். காலையிலேயே ஏறச் சொல்லுங்கள், வெயிலில் பாறை சுடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயக்கோட்டை